கம்ப்யூட்டருக்குள் எரியும் வால்வு!

மயிலாப்பூர் மாட வீதிகளில் உள்ள பழைய வீடுகளில், ஒரு காலத்தில் கூடத்து அலமாரியின் மேல் ஒரு மரப்பெட்டி கொலுவீற்றிருக்கும். அதுதான் ரேடியோ. ஸ்விட்சைப் போட்டவுடன் அது பாடிவிடாது. அரை நிமிஷமாவது பொறுக்க வேண்டும். உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் மெல்லச் சிவந்து சூடேறும். முன்புறத்தில் பச்சைக் கண் ஒன்று விழித்துக்கொள்ளும். அதன் பிறகே கச்சேரி கேட்கும்.

அந்தக் குமிழ்களுக்கு வால்வு என்று பெயர். பச்சைக் கண்ணும் ஒரு வகை வால்வுதான். டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வு ரேடியோக்கள் பரணுக்குப் போயின. பேரீச்சம்பழத்துக்குப் போனவையும் உண்டு.

ஆனால் வால்வின் ஆயுள் அத்துடன் முடியவில்லை. இன்று அடையாறிலோ தியாகராய நகரிலோ ஒரு வாலிபன் மின்சாரக் கிதாரைக் கம்ப்யூட்டருடன் இணைத்துக்கொண்டு உட்கார்ந்தால், திரையில் அவன் திருகிக்கொண்டிருப்பது பெரும்பாலும் வால்வைத்தான். வால்வு அங்கே இல்லை. அதன் கணக்கு மட்டும் இருக்கிறது!

மதகும் வலையும்

மின்சாரக் கிதாருக்கு வீணையைப் போலக் குடம் கிடையாது. தந்தியைத் தட்டினால் அடுத்த அறைக்குக் கூடக் கேட்காது. தந்திகளுக்கு அடியில் காந்தமும் செம்புச் சுருளும் இருக்கின்றன. அவை அதிர்வை மெல்லிய மின்சாரமாக மாற்றுகின்றன. அதைப் பெருக்கிக் கொடுப்பது ஆம்பிளிபயர். ஆரம்ப கால ஆம்பிளிபயர்கள் எல்லாம் வால்வினால் ஓடியவை.

வால்வுக்குள் காற்று இராது. சூடேறிய ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே உள்ள தகட்டை நோக்கிப் பாயும். நடுவில் ஒரு கம்பி வலை. இந்த வலையை 1906-ல் சேர்த்தவர் லீ டி பாரஸ்ட் என்ற அமெரிக்கர். ஏரி மதகின் பலகையைச் சற்று அசைத்தால் வாய்க்காலில் வெள்ளம் கூடிக் குறைகிறதல்லவா? அதேபோல், வலைக்கு வரும் சின்னஞ்சிறு மின் அசைவு பெரிய பாய்ச்சலை ஆட்டி வைக்கிறது.

மதகு முழுதும் திறந்துவிட்ட பிறகு அதற்கு மேல் தண்ணீர் வராது. வால்வுக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லையில் அது முரட்டுத்தனமாக முட்டி நிற்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கிறது. இந்த வளைவில்தான் சங்கதி இருக்கிறது. அலை வளையும்போது வாசித்த ஸ்வரத்துடன் வாசிக்காத ஸ்வரங்களும் சேர்ந்துகொள்கின்றன.

வாசிக்காத காந்தாரம்

தம்புராவின் ஷட்ஜத் தந்தியை மீட்டினால் அதற்குள் அந்தர காந்தாரம் கேட்கும் என்பது சங்கீதம் கற்றவர்களுக்குத் தெரிந்ததே. அதிர்வு இரண்டு மடங்கானால் மேல் ஷட்ஜம். மூன்று மடங்கானால் அதற்கும் மேலே பஞ்சமம். ஐந்து மடங்கானால் அந்தர காந்தாரம். வளைந்த வால்வு தருவதும் இவற்றையே. தம்புராவில் அவை ரகசியம் பேசுகின்றன. வால்வை மிரட்டி ஓட்டினாலோ கூச்சல் போடுகின்றன.

சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் இதனால் அதிகக் கெடுதல் இல்லை. தோடி வாசிப்பவர் பாடுதான் திண்டாட்டம். ஷட்ஜத் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போது அவர் சாதாரண காந்தாரத்தைத் தொடுகிறார். பெட்டியோ அந்தர காந்தாரத்தைச் சொல்கிறது. போதாக்குறைக்கு, இரண்டு தந்திகளின் ஒலியும் ஒரே வால்வில் முட்டி வளைந்தால், இரண்டிலும் சேராத மூன்றாவது ஒலி ஒன்று முளைக்கும். மேல்நாட்டு ராக் சங்கீதத்தில் இந்தக் கரகரப்பே அழகு. சபா மேடையில் அது அபஸ்வரம்.

அதற்காக வால்வே வேண்டாம் என்றும் தள்ளிவிட முடியாது. தந்தியைத் தட்டியதும் ஒலி செத்துவிட்டால் கமகம் எங்கிருந்து வரும்? நாதம் நீண்டு நிற்க வேண்டும். பாலக மேதையாக 1981-ல் சென்னை இந்தியன் பைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் வாசித்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினைக் கையில் எடுத்ததற்கு இதுவே காரணம். சாதாரண மாண்டலினின் இரட்டைத் தந்திகளை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டார். அந்தச் சின்ன வாத்தியத்திலிருந்து நீண்ட கமகங்கள் பிறந்தன. 1998-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2014-ல் 45-வது வயதில் காலமானார்.

கிதாரில் அதே காரியத்தைச் செய்து வருபவர் பிரசன்னா. அடையாறை அடுத்த ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் கலையைப் படித்துவிட்டு, பாஸ்டன் நகரத்து பெர்க்லீ கல்லூரியில் சங்கீதம் பயின்றவர். வால்வு ஆம்பிளிபயரை அலற வைத்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக, 2006-ல் 'எலக்ட்ரிக் கணேசா லேண்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அலறலையும் கமகத்தையும் ஒரே கிதாரில் வைத்துக் காட்டலாம் என்பதற்கு அது சாட்சி.

திரையில் உள்ள திருகுகள்

1998-ல் லைன் 6 என்ற அமெரிக்க ஸ்தாபனம் 'பாட்' என்ற சிறு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பல ஆம்பிளிபயர்களின் குரலை அது கணக்குப் போட்டே பேசியது. பின்னால் வந்த சாதனங்கள் வால்வின் வயிற்றையே திறந்து காட்டிவிட்டன. பழைய நாளில் ரிப்பேர்க்காரர் மட்டுமே தொட்ட இடங்களை இப்போது வாசிப்பவரே திருகலாம்.

இவற்றில் முக்கியமானது 'பயஸ்'. வாத்தியம் சும்மா இருக்கும்போதும் வால்வில் கொஞ்சம் மின்சாரம் ஓட வேண்டும். குழாயைச் சற்றே திறந்து வைப்பது போல. மிகவும் குறைத்துவிட்டால், ஆம்பிளிபயரின் கடைசிக் கட்டத்தில் ஜோடியாக வேலை செய்யும் வால்வுகள் ஒன்றிடமிருந்து ஒன்று அலையை வாங்கும் இடத்தில் தடுக்கி விழும். பலத்த ஒலியில் இது தெரியாது. நாதம் தேய்ந்து அடங்கும் வேளையில் மணலை அரைத்த மாதிரி கேட்கும். கமகத்தின் நுனி அங்கேதானே இருக்கிறது! பயஸை அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் நிஜ வால்வின் தகடு சிவந்து, சீக்கிரமே உயிரை விட்டுவிடும். திரையில் எத்தனை ஏற்றினாலும் ஒன்றும் எரியாது. கைச்செலவும் இல்லை.

அடுத்தது 'ஸாக்', அதாவது தொய்வு. கோடை இரவில் தெருவெல்லாம் குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது வீட்டு விளக்கு மங்குவதைப் பார்த்திருக்கலாம். தந்தியை ஓங்கி மீட்டினால் வால்வுக்குச் செல்லும் மின்சாரமும் அப்படியே ஒரு கணம் தொய்ந்து, பிறகு நிமிரும். அதனால் அடியின் முரட்டுத்தனம் தணிகிறது. பின்னால் வரும் நாதம் மேலெழுகிறது. ஆலாபனைக்கு இது சுகம். வேகமான ஸ்வரக் கோவையில் எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே கீர்த்தனத்துக்கு ஒன்று, தானத்துக்கு ஒன்று என்று இரண்டு அளவுகளைப் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வால்வின் ஜாதியையும் மாற்றலாம். 6எல்6 என்றும் இஎல்34 என்றும் பல ரகங்கள் இருக்கின்றன. ஆசையாக இதை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் அதிகம். சொல்லப்போனால், ஒலிபெருக்கிப் பெட்டியை மாற்றினால் உண்டாகும் வித்தியாசத்தில் கால்வாசி கூட இதில் கிடைக்காது.

பின்னோக்கிச் சுழலும் சக்கரம்

கணக்கு வால்வுக்கே உரிய ஒரு நோயும் உண்டு. சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போலத் தோன்றும். படங்கள் போதிய வேகத்தில் எடுக்கப்படாததே அதற்குக் காரணம். கம்ப்யூட்டரும் ஒலியைப் படம் எடுப்பது போலவே வாங்குகிறது. விநாடிக்கு 48,000 தடவை என்பது சாதாரண அளவு. வளைந்த வால்வு உண்டாக்கும் மிக உயர்ந்த ஒலிகள் இந்த வேகத்தில் பாதியைத் தாண்டினால், பொய் ஒலிகளாகக் கீழே திரும்பி வருகின்றன. விரல் மேலே ஜாரினால் பொய் ஒலி கீழே ஜாரும்! சுருதி பிசகாத காதுக்கு இது வேதனை. ஆகையால் நல்ல சாதனங்கள் உள்ளுக்குள் பல மடங்கு வேகத்தில் கணக்குப் போட்டு, பிறகு வடிகட்டித் தருகின்றன.

இத்தனை தொல்லைக்கு நிஜ வால்வையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். வால்வு ஆம்பிளிபயர் தன் முழு நாதத்தைத் தர வேண்டுமானால் உரக்க ஓட வேண்டும். மந்தைவெளி அடுக்கு வீட்டில் அது நடக்கிற காரியமா? சுவருக்கு அப்பால் பரீட்சைக்குப் படிக்கும் குழந்தை இருக்கும். உள்ளே பல நூறு வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். விஷயம் தெரியாதவர் கை வைக்கக்கூடாது. புது வால்வுகளும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா போன்ற தேசங்களிலிருந்தே வர வேண்டியிருக்கிறது.

எனவே, இரவு பத்து மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருகிறான் வாலிபன். ஷட்ஜத்தை மீட்டுகிறான். நாதம் அடங்கும் வரை அசையாமல் கேட்கிறான். பயஸை ஒரு மாத்திரை ஏற்றி மறுபடியும் மீட்டுகிறான். வீட்டிலுள்ளவர்களுக்குத் தந்தியின் டிக் டிக் சத்தம் மட்டுமே கேட்கிறது.