தார் பாலையில் அறுந்த உறவுத் தடம்

ராஜஸ்தானின் பார்மேர் நகருக்கு மேற்கே, மணல்மேடுகளைக் கடந்து செல்லும் ரயில் பாதை முனாபாவில் முடிகிறது. எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் கோக்ராபார். 1965 போரில் அறுந்த இத்தடத்தில், நாற்பதாண்டுகளுக்குப் பின் 2006 பிப்ரவரியில் தார் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. வாரம் ஒருமுறைதான், ஆயினும் சிந்து மாகாணத்தின் சோடா ராஜபுத்திரர்களுக்கு அது பெருந்துணை. ஒரே குலத்துக்குள் மணம் முடிக்காத அவர்கள், பெண்ணோ மாப்பிள்ளையோ தேடி ராஜஸ்தானுக்கு வந்தாக வேண்டும்.

காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டதையடுத்து, 2019 ஆகஸ்டில் ரயில் நிறுத்தப்பட்டது. இரு தலைநகரங்களின் கோபத்துக்கு விலை கொடுத்தவை பாலைவனக் குடும்பங்கள். பிறகு எஞ்சியது, நெடுந்தொலைவு சுற்றிச் செல்லும் பஞ்சாபின் அட்டாரி வழி. பகல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரலில் அதுவும் அடைபட்டது. அமர்கோட்டில் மணமுடிக்கப் புறப்பட்ட ராஜஸ்தான் மாப்பிள்ளை ஒருவர், உறவினர்களுடன் அட்டாரியிலிருந்தே திரும்ப நேர்ந்தது.