வாட்டிகன் சரிவில் ஒரு சின்ன மாடம்

கோயிலோ வீடோ, கட்டடம் எழுப்ப மனை தேடுபவர் மட்டமான தரையாகப் பார்ப்பார். வில்லங்கம் இல்லாத நிலமாகவும் பார்ப்பார். நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேரரசர் கான்ஸ்டன்டைன் ரோமில் பேதுருவுக்கு (நம் பழைய கத்தோலிக்கர் வாயில் அவர் ராயப்பர்) ஆலயம் எழுப்பிய இடத்துக்கு இந்த இரண்டு தகுதியுமே கிடையாது. அது வாட்டிகன் குன்றின் சரிவு. அதில் வசதி படைத்த குடும்பங்களின் கல்லறை மண்டபங்கள் தெருவீடுகள்போல வரிசையாக நின்றன. அப்போதும் அங்கே அடக்கம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மண்டபத்தின் சாம்பல் தாழியில் 318ஆம் ஆண்டையொட்டி வெளியான நாணயம் கிடைத்திருக்கிறது. கல்லறையைக் குலைப்பது ரோமானியச் சட்டத்தில் குற்றம். இருந்தும் பேரரசரின் ஆட்கள் மேட்டை வெட்டினார்கள், மண்டபங்களின் கூரையைப் பெயர்த்து உள்ளே மண்ணைக் கொட்டினார்கள், பள்ளத்துப் பக்கம் பெரும் தாங்குசுவர்களை எழுப்பினார்கள். நீரோ காலத்துப் பந்தயத் திடல் இருந்த மட்டமான நிலம் பக்கத்திலேயே இருக்க, இவ்வளவு பாடு எதற்கு? ஒரு குறிப்பிட்ட புள்ளியை விட்டு நகர மாட்டோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள். பேதுருவின் கல்லறை பற்றிய மரபுக்குக் கிடைத்துள்ள சான்றுகளில் எலும்புகளைவிட இந்தப் பிடிவாதம்தான் கனமானது என்பேன்.

அந்தப் புள்ளியில் என்ன இருந்தது என்பது 1940களில் தெரிந்தது. 1939இல் மறைந்த போப் பதினோராம் பத்திநாதர் ஆலயத்தின் நிலவறையில் தம்மை அடக்கம் செய்யக் கேட்டிருந்தார். அதையொட்டி நிலவறைத் தளத்தைத் தாழ்த்தும் வேலை தொடங்க, பழைய மண்டபங்கள் தலைகாட்டின. அடுத்து வந்த பன்னிரண்டாம் பத்திநாதர் அகழாய்வுக்கு அனுமதி தந்தார். தலைமைப் பலிபீடத்துக்கு நேர் கீழே, ஏழைகளின் மண்குழிகள் இருந்த ஒரு சிறு திறந்தவெளியும், அதன் ஓரமாகச் சிவப்புக் காரை பூசிய சுவரும் வெளிப்பட்டன. சுவரில் ஒரு மாடம். அதன் முன்னே இரண்டு சிறு தூண்கள் தாங்கிய கல்பலகை. வேறு அலங்காரம் எதுவுமில்லை. பக்கத்துப் பணக்கார மண்டபங்களின் ஓவியங்களுக்கும் சுதை வேலைக்கும் முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அதன் வயதைக் கணிக்க முடிகிறது. சுவரோடு சேர்த்துக் கட்டிய வடிகாலின் ஓடுகளில் சூளை முத்திரை இருக்கிறது: மார்க்கஸ் அவுரேலியஸ் இன்னும் பேரரசர் ஆகாமல் ‘சீசர்’ பட்டத்தோடு இருந்த, அவர் மனைவி ஃபவுஸ்டினா ‘அவுகுஸ்தா’ ஆகிவிட்டிருந்த காலத்து முத்திரை. அப்படியென்றால் ஏறத்தாழ 147க்கும் 161க்கும் இடையில் சுட்ட ஓடு. சுவரும் மாடமும் அதையொட்டி எழுந்தவை.

இந்தக் கல்லுக்குத் துணையாக எழுத்தும் இருக்கிறது. 200ஆம் ஆண்டு வாக்கில் காயு என்ற ரோமானியக் கிறிஸ்தவர் ஒரு விவாதத்தில், வாட்டிகனுக்கும் ஓஸ்தியா சாலைக்கும் வந்தால் திருத்தூதர்களின் நினைவுச் சின்னங்களைக் காட்டுகிறேன் என்று சவால் விட்டதை வரலாற்றாசிரியர் யுசேபியு எடுத்தெழுதியிருக்கிறார். காயு காட்டியிருக்கக்கூடிய சின்னம் இந்த மாடம்தான் என்பதில் ஆய்வாளர் பலரும் ஒத்துப்போகிறார்கள்.

பேதுரு ரோமுக்கு வந்தார் என்று புதிய ஏற்பாடு வெளிப்படையாகச் சொல்லவில்லையே என்பது பழைய ஆட்சேபம். நியாயமானதுதான். முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்துக்குப் போன கிளமெந்தின் கடிதம் பேதுருவின் பாடுகளைப் பேசுகிறது; ஊர் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் பழங்காலத்தில் வேறெந்த ஊரும் அவர் கல்லறை தன்னிடம் இருப்பதாகச் சொந்தம் கொண்டாடவில்லை. பேதுருவோடு தனக்கிருந்த உறவில் பெருமைப்பட்ட அந்தியோக்கியாகூட அதைக் கேட்கவில்லை. 64ஆம் ஆண்டு ரோமில் பற்றிய தீக்குப் பிறகு நீரோ கிறிஸ்தவர்களைத் தன் தோட்டத்தில் வதைத்துக் கொன்றான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அந்தத் தோட்டம் இருந்ததும் வாட்டிகன் பகுதியில்தான். பின்னாளில் கதை கட்டியவர்கள் இதைவிட எடுப்பான இடத்தைத் தேர்ந்திருக்கலாம். மாடம் குறிப்பது அவர் அடக்கமான இடத்தையா, உயிர்விட்ட இடத்தையா என்று கேட்டால் அதற்குக் கல்லிடம் பதில் இல்லை. நீரோவுக்கும் மாடத்துக்கும் இடைப்பட்ட நூறு ஆண்டையும் எந்த அகழாய்வும் நிரப்பவில்லை. பக்கத்துக் குழி ஒன்றில், நீரோவுக்குச் சற்றுப் பின் ஆண்ட பேரரசர் வெஸ்பாசியன் காலத்து ஓடு கிடைத்தது உண்மை. ஆனால் பழைய ஓட்டை எடுத்துப் புதுக் குழியை மூடுவது வழக்கம் என்பதால் அதை நம்பிப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது.

இதைவிடச் சங்கடமான ஆட்சேபம் ரோமின் அப்பிய சாலையிலிருந்து வருகிறது. அங்கே புனித செபஸ்தியார் ஆலயத்தின் அடியில், மூன்றாம் நூற்றாண்டுச் சுவரில், பேதுருவையும் பவுலையும் அழைத்து வேண்டும் கிறுக்கல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 354ஆம் ஆண்டு நாட்காட்டியும் அந்த இடத்தை 258ஆம் ஆண்டோடு சேர்த்துப் பேதுருவின் பெயரால் குறிக்கிறது. பேரரசர் வலேரியன் காலத்துக் கொடுமைக்கு அஞ்சி உடல்களைக் கொஞ்ச காலம் அங்கே மாற்றி வைத்தார்கள் என்பது பலர் சொல்லும் விளக்கம். அது ஊகம், எனக்கு அது தேவையென்றும் படவில்லை. ஒரு புனிதரை ஒரே நகரில் இரண்டு இடத்தில் நினைவுகூர்வதில் முரண் எதுவும் இல்லை. காலத்தில் முந்தியது வாட்டிகன் மாடம்தான். அப்பிய சாலையிலும் பெரிய ஆலயம் எழும்பியது என்றாலும் சரிவை வெட்டி, கல்லறைகளைப் புதைத்துப் பாடுபட்டது வாட்டிகனுக்காகத்தான்.

எலும்புகளின் கதை இந்தத் தெளிவைக் குழப்பிவிட்டது. 1950 டிசம்பரில் பன்னிரண்டாம் பத்திநாதர் கல்லறை கிடைத்ததாக அறிவித்தபோது, அருகில் கிடைத்த எலும்புகள் பேதுருவினுடையவை என்று உறுதியாக நிறுவ முடியாது என்றும் சேர்த்தே சொன்னார். அந்த நிதானம் பாராட்டத்தக்கது. பின்னர் ஆராய்ந்ததில் அவை ஒருவருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் என்றும், விலங்கெலும்புகளும் கலந்தவை என்றும் தெரிந்தது. பிறகு கல்வெட்டறிஞர் மார்கரித்தா குவார்துச்சி வேறொரு தொகுதியைக் காட்டினார். மாடத்தை ஒட்டிய கிறுக்கல் சுவரின் பளிங்குப் பொந்திலிருந்து அகழாய்வுக் காலத்திலேயே எடுத்து, முறையான பதிவு இல்லாமல் மரப்பெட்டியில் ஒதுக்கி வைத்தவை அவை. வயது முதிர்ந்த ஓர் ஆணின் எலும்புகள், கூடவே பொன்னிழை கலந்த ஊதாத் துணியின் எச்சம். 1968இல் போப் ஆறாம் பவுல் இவற்றை ஏற்றார். அகழாய்வில் நேரடியாக ஈடுபட்ட இயேசு சபைத் துறவி அந்தோனியோ ஃபெருவா ஏற்கவில்லை. ஃபெருவா பக்கமே எனக்கு நியாயம் தெரிகிறது. எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற பதிவுதான் அகழாய்வுப் பொருளுக்கு உயிர். பெட்டிக்குள் போனபோது அது போய்விட்டது. 2013 நவம்பரில் போப் பிரான்சிஸ் இந்த எலும்புத் துண்டுகளை மக்கள் பார்வைக்கு வைத்தார். 2019இல் சிலவற்றைக் கான்ஸ்டான்டினோப்பிள் மறைமுதுவருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். வழிபாட்டிலும் சபைகளின் உறவிலும் அவற்றுக்கு மதிப்பு உண்டு. வரலாற்றாசிரியர் மாடத்துக்கும் ஓட்டு முத்திரைக்கும்தான் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.