மேளம் கட்ட முடியாத வாத்தியம்

வீணையில் சுருதி பிசகினால் மேளம் கட்டுபவரைத் தேடிப் போகலாம். அதன் 24 மெட்டுகளும் மெழுகும் கரியும் குழைத்துப் பூசிய மேடையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் புதிதாகப் பதித்துத் தருவார். கிட்டாருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் மெட்டுகள் மரத்தில் அறுத்த காடிக்குள் அடித்து இறக்கப்பட்டவை. ஆகவே பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைக் குறைந்த விலைக்குக் கேட்கிறவர் முதலில் பையிலிருந்து எடுக்க வேண்டியது அளவு நாடா.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் அப்படியொரு கிட்டாரை வாங்கி வந்தான். தலைப்பகுதியில் கம்பெனிப் பெயர் உரிந்துபோயிருந்தது. தந்திகளில் துரு. ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் இரைச்சல் மட்டும் வந்தது. "இது தேறுமா மாமா?" என்றான். அளந்து பார்த்தோம். தலைப்பக்கத்து நட்டிலிருந்து 12-ஆம் மெட்டு வரை 324 மில்லிமீட்டர். தந்தியின் முழு நீளம் 648. சரிபாதி. தேறும்.

கணக்கு எளிது. ஒரு ஸ்தாயியில் 12 படிகள். ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் சுமார் 1.0595 மடங்கு ஏறும். 12 படி ஏறினால் இரட்டிப்பு, அதற்குத் தந்தி பாதியாக வேண்டும். 648 மில்லிமீட்டர் தந்தியில் முதல் மெட்டு நட்டிலிருந்து 36.4 மில்லிமீட்டரில் வரும். காடிகளை அறுப்பது இயந்திரம் என்பதால் மலிவு கிட்டாரில்கூட இந்த அளவுகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காசு மிச்சம் பிடிப்பது வேறு இடத்தில்: மெட்டுகளைச் சமன்படுத்துவது, நட்டின் பள்ளங்களை அரத்தால் ராவுவது போன்ற கைவேலையில். அதாவது விலையில் குறைந்தது பெரும்பாலும் ஓர் ஆள் செலவிட்டிருக்க வேண்டிய நேரம். அதை நாம் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

முதல் வேலை கழுத்து. ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. எந்த மரமும் வளையத்தான் செய்யும். ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சித்திரை வெயிலும் மாறி மாறிப் பட்டால் இன்னும் வளையும். கழுத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பி எதிர்ப்பக்கம் இழுத்து ஈடுகட்டுகிறது. இதற்குக் கிப்ஸன் நிறுவனத்தார் காப்புரிமை கேட்டது 1921-இல். முதல் மெட்டையும் உடல் சேருமிடத்து மெட்டையும் அழுத்திப் பிடித்தால், நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி போதும். கம்பியின் மறையை ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. கால் சுற்று, பிறகு காத்திருப்பு.

மெட்டுகளின் உச்சியில் மார்க்கர் மை பூசி, நீளமான தட்டையான அரத்தை மேலே ஓட்டினால் மேடான மெட்டில் மை போய்விடும், பள்ளமானதில் அப்படியே நிற்கும். எல்லாவற்றிலும் மை போகும்வரை ராவிவிட்டு, ஒவ்வொன்றின் முதுகையும் மறுபடி உருட்ட வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், பலன் அதிகம். கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறவர்களுக்கு மெட்டில் சிறு சொரசொரப்பு இருந்தாலும் விரல் காட்டிக்கொடுத்துவிடும். சுகுமார் பிரசாத், பிரசன்னா ஆகியோர் கிட்டாரில் கர்நாடக இசை வாசித்தவர்கள். எலெக்ட்ரிக் மாண்டலினில் உ. ஸ்ரீநிவாஸ் செய்துகாட்டியதைக் கேட்டவர்களிடம், மின் வாத்தியத்தில் ராகம் வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

தந்திகளைப் பழசென்று கழற்றி எறியத் தயங்க வேண்டாம். கீழ்ஸ்தாயித் தந்திகள் மூன்றும் எஃகு நரம்பின் மேல் நிக்கல் பூசிய கம்பி சுற்றியவை. வெறும் எஃகையே அவ்வளவு பருமனாகப் போட்டால் விறைத்துப்போய் நாதம் கெடும். சுற்றினால் எடை கூடும், நெளிவு போகாது. காஞ்சிபுரத்தாருக்கு இது விளங்கும். ஜரிகையும் பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்கமுலாம் பூசியதுதானே. ஆனால் அந்த ஜரிகையையே முறுக்கிக் கிட்டாரில் கட்டினால் பிக்கப்புக்குக் காது கேட்காது. தங்கம், வெள்ளி, செம்பு மூன்றையும் காந்தம் சட்டை செய்வதில்லை.

பிக்கப் என்பது நிலைக்காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும்தான். காந்தத்தால் தந்தியின் எஃகும் காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் மாறி மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்ட விதி. ஒரு நூற்றாண்டு கழித்து ஜார்ஜ் பீச்சம் அதைக் கிட்டாரில் பொருத்தினார். கம்பியின் பருமன் சுமார் 0.06 மில்லிமீட்டர், ஆயிரக்கணக்கான சுற்று. வியர்வை உப்பு ஓரிடத்தில் அரித்தாலும் மொத்தமும் ஊமை. மல்டிமீட்டரில் சில ஆயிரம் ஓம் காட்டினால் உயிர் இருக்கிறது. முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. ஃபேன் காயில் கட்டும் கடைகளில் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அங்கே புழங்கும் கம்பி இதைவிடப் பலமடங்கு தடிமன். புது பிக்கப் வாங்குவதே லாபம்.

பையனின் கிட்டாரில் சுருள் பிழைத்திருந்தது. பழுது வேறு: வெளியே வயர் செருகும் ஜாக்கில் எர்த் வயரின் சாலிடர் விட்டுப்போயிருந்தது. மீண்டும் பற்றவைத்ததும் நாதம் வந்தது. வால்யூம் குமிழைத் திருகினால் கரகரப்பு. உள்ளே கார்பன் தடத்தில் படிந்த அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் தெளித்ததும் போயிற்று. மிச்சமிருந்த இரைச்சல் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் அதையும் சேர்த்துப் பிடிக்கும். எதிரெதிர்த் துருவத்தில் எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களை இணைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்து, தந்தியின் ஒலி மட்டும் கூடும். கிப்ஸனில் செத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். இவனுடையது ஒற்றைச் சுருள். உட்குழிவுக்குச் செம்புத் தகடு ஒட்டி எர்த்துடன் இணைத்தோம், ஓரளவு குறைந்தது. சோக் வைத்த பழைய டியூப்லைட்டை அணைத்தபோது இன்னும் குறைந்தது.

பெயின்ட் அடிக்கட்டுமா என்று கேட்டான். அந்தக் காசுக்கு ஒரு எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வீட்டின் மூன்று முனை பிளக்பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். தந்திகள் எர்த்தோடு இணைந்தவை. ஆம்ப்ளிஃபயரில் கோளாறு வந்து, சுவரிலும் எர்த் இல்லையென்றால், அந்த மின்சாரம் வாசிப்பவரின் விரலுக்குத்தான் வரும்.