உறையாத நீரைத் தேடிய லேசர்

மைனஸ் 20 டிகிரி குளிரில் மிதக்கும் ஒரு மேகத்துக்குள் இருப்பது பனியா, நீரா? வீட்டு ஃப்ரீசரே மைனஸ் 18 தான் என்பதால் பனி என்றுதான் சொல்லத் தோன்றும். மேகத்தில் அந்தக் கணக்கு செல்லாது. துளி உறைய அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். பாலைவனத் தூசு, சில பாக்டீரியாக்கள் என ஏதாவது ஒரு துகள். அது சிக்காத துளி ஏறக்குறைய மைனஸ் 38 டிகிரி வரை நீராகவே தாக்குப்பிடிக்கும். இதைத்தான் மீக்குளிர் நீர் என்கிறார்கள். விமான இறக்கையில் பட்டவுடன் உறைந்து ஒட்டிக்கொண்டு விமானிகளைப் பாடாய்ப் படுத்துவதும் இதுவே.

ஆகவே மேகத்தின் வெப்பநிலையை மட்டும் அளந்து அது பனியா, நீரா என்று முடிவு கட்ட முடியாது. நாசாவும் பிரான்ஸின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கலிப்ஸோ செயற்கைக்கோள் இதற்கு வேறு வழி பிடித்தது. 2006 ஏப்ரல் 28 அன்று கலிபோர்னியாவிலிருந்து ஏவப்பட்ட அது, சுமார் 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 20 முறை லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி, மேகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தொலைநோக்கியில் பிடித்தது.

அந்த லேசர் ஒளி ஒரே தளத்தில் அதிரும். உருண்டையான நீர்த்துளி அதை வந்த வழியே திருப்பி அனுப்பும்போது அந்தத் தளம் மாறுவதில்லை. பல முகங்கள் கொண்ட பனிப்படிகத்துக்குள் புகுந்து புறப்பட்டால் தளம் திரும்பிவிடுகிறது. எனவே பழைய தளத்துக்கு ஓர் உணரி, செங்குத்தான தளத்துக்கு இன்னொன்று. இரண்டாவதில் ஒளி நிறைய விழுந்தால் பனி. இத்தனை எளிய யோசனை விண்வெளியில் வேலை செய்வது அழகுதான்.

ஆனால் இயற்கை அப்படி விட்டுவிடுமா? தட்டையான சில பனிப்படிகங்கள் கிடைமட்டமாகவே மிதந்து இறங்கும். நேர் மேலிருந்து பாய்ச்சிய லேசரை அவை ரசம் பூசிய கண்ணாடி போலத் தளம் மாறாமல் பளிச்சென்று திருப்பி அனுப்பி, நீர் என்று ஏமாற்றின. தொடக்கத்தில் லேசர் நேர்க்கீழிலிருந்து 0.3 டிகிரி மட்டுமே சாய்ந்திருந்தது. 2007 நவம்பரில் சாய்வை 3 டிகிரியாக்கினார்கள். ஏமாற்று பெரும்பாலும் ஒழிந்தது. அடர்ந்த நீர்மேகங்களில் ஒளி துளிக்குத் துளி மோதித் தளம் குலைவது இன்னொரு தொல்லை. அதற்காகத் திரும்பும் ஒளியின் பிரகாசத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

தடித்த மேகத்தை லேசர் ஊடுருவாது. அந்த வேலைக்கு அதே ராக்கெட்டில் கூடவே போன கிளவுட்சாட்டின் ரேடார். அதன் பலவீனம் வேறு: துளியின் விட்டம் 10 மடங்கானால் எதிரொலி 10 லட்சம் மடங்காகிவிடும். நாலைந்து பெரிய பனித்துகள்களின் இரைச்சலில் ஆயிரக்கணக்கான சிறு துளிகள் காணாமல் போய்விடும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மேகம் பிடிபடும்.

இப்படித் தேடியதில் அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலின் மேல் மீக்குளிர் நீர் ஏராளமாகத் தென்பட்டது. நிலம் குறைந்த அந்தப் பகுதியில் தூசு அரிது. துளி எதைப் பிடித்து உறையும்? பருவநிலைக் கணினி மாதிரிகளோ இத்தகைய மேகங்களில் பனியைத் தாராளமாக நிரப்பி வைத்திருந்தன. நீர்மேகத்தில் துளிகள் சிறியவை, எண்ணற்றவை. வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும். பனி பெருத்துச் சீக்கிரம் உதிர்ந்துவிடும். பூமி சூடாகும்போது பனி நீராகி, மேகம் மேலும் வெளுத்து, சூட்டுக்கு ஓரளவு தடை போடும் என்பது மாதிரிகளின் கணக்கு. ஏற்கெனவே நீராக இருப்பது இனி எங்கே நீராவது? தடை பலவீனமாகிறது. 2016-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், கலிப்ஸோ தரவுகளைக் கொண்டு ஒரு மாதிரியைத் திருத்தியதும், கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் வரும் வெப்ப உயர்வு 4 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு மேல் போனது. ஒரே மாதிரியின் எண் என்பதால் அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. போகிற திசைதான் கவலை தருகிறது.

கலிப்ஸோவும் கிளவுட்சாட்டும் 2023-இல் பணியை முடித்தன. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் அனுப்பிய எர்த்கேர், லேசரையும் ரேடாரையும் ஒரே கலத்தில் சுமந்து, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. துகள்கள் எந்த வேகத்தில் ஏறி இறங்குகின்றன என்பதையும் அதன் டாப்ளர் ரேடார் அளக்கிறது.