பாதியில் நிற்கும் விளையாட்டு
கணினி விளையாட்டு பாதியில் சட்டென்று மூடிக்கொண்டால், அதனையே நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ முனைவது பலருடைய சுபாவம். ஆனால், திடீரென மின்சாரம் நின்றதாலோ, வட்டின் பழுதாலோ, விண்டோஸின் மூலக் கோப்பு ஒன்று சிதைந்திருக்குமாயின் அப்பிரயாசை விருதாவே.

இதற்குரிய பரிகாரம் விண்டோஸுக்குள்ளேயே இருப்பதை நான் பெரும் அனுகூலமாகக் கருதுகிறேன். நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, முதலில் 'டிஸ்ம்' கருவியின் 'ரெஸ்டோர்ஹெல்த்' கட்டளையை இயக்கினால், அது விண்டோஸ் அப்டேட் வழியே குறையற்ற பிரதிகளை வருவித்துக் விண்டோஸ் தன் மூலக் கோப்புகளின் பிரதிகளை வைத்திருக்கும் சேமிப்பைச் செப்பனிடும். பின்னர் 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' என்னும் கட்டளை, பாதுகாக்கப்பட்ட கோப்புகளைப் பரிசோதித்து, சிதைந்தவற்றின் ஸ்தானத்தில் அச்சேமிப்பிலுள்ள நல்ல பிரதிகளை வைக்கும். சேமிப்பே பழுதுற்றிருந்தால் இரண்டாவது கருவி எதைக் கொண்டு திருத்தும்?

விளையாட்டின் சொந்தக் கோப்புகளை இவை தொடுவதில்லை. அவற்றைத் தனியே சரிபார்க்க வேண்டும்.