பொற்கிளையும் அவேர்னஸ் ஏரியும்

ஆங்கில ஓவியர் ரேணர் 1834இல் இலண்டனிற் காட்சிக்கு வைத்த 'பொற்கிளை' என்னும் ஓவியம், வேர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தின் ஆறாம் பகுதியைப் பொருளாகக் கொண்டது. இறந்த தந்தையைக் காணப் பாதாளம் புக விழையும் ஈனியசுக்கு வேண்டிய பொற்கிளையைக் குறிசொல்லும் பெண்ணான சிபில் ஏந்தி நிற்கின்றாள். அவளுக்கப்பால் அவேர்னஸ் ஏரி பொன்னொளியில் அமைதியாக விரிகின்றது. நேப்பிள்ஸ் அருகேயுள்ள அவ்வெரிமலைவாய் ஏரியைப் பண்டை மக்கள் பாதாளத்தின் வாயிலெனக் கருதினர்.

எனினும், இத்தெய்விகத் தோற்றத்தை வரலாற்றினின்று பிரித்து நோக்குதல் பொருந்தாது. கி.மு. 37 அளவில் உரோமத் தளபதி அக்கிரிப்பா ஏரியைச் சூழ்ந்த காட்டை வெட்டுவித்து, கால்வாய் அமைத்து, அதனைக் கடற்படைத் துறைமுகமாக்கினான். வேர்ஜில் 'ஈனியட்' காவியத்தை இயற்றத் தொடங்கியது அதன் பின்னரே. போர்த்தேவைக்குப் பலியான வனமே காவியத்தில் இருண்ட புனித வனமாக மீண்டும் தழைத்தது. ரேணரின் தூரிகை அதற்கு அமைதியையும் அளித்தது.

1890இல் தமது 'பொற்கிளை' நூலை இவ்வோவியத்தைச் சுட்டித் தொடங்கிய பிரேசர், அதிற் காண்பது நெமி ஏரியெனப் பிழையாகக் கொண்டார். தொன்மங்களை ஒப்பிட்டாராய்ந்த பெருநூலொன்றின் வாயிலிலேயே நிலம் இடம்மாறிவிட்டது. புனித நிலம் கலையில் அழியாது வாழலாம். ஆயின் அதன் அழகைப் போற்றும் நாம், வெட்டுண்ட மரங்களையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.