ஓடைக் கல்லடியில் ஒரு பூச்சி

கொடைக்கானலுக்குச் செல்லும் மாணவர்கள் ஏரியையும் வெள்ளி அருவியையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். பழனிமலைச் சோலைகளினின்று இறங்கும் ஓடையொன்றில் கைவிட்டு, ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

அக்கல்லின் அடியில், தட்டையான உடலுடன், நீரின் விசைக்கு அஞ்சாது பற்றிக்கொண்டு வாழும் பூச்சிகளுள் ஒன்று கல்லீ. ஆங்கிலத்தில் ஸ்டோன்பிளை என்பர். பெயரில் ஈ இருப்பினும் இது ஈ அன்று. ஈக்குச் சிறகுகள் இரண்டு, இதற்கு நான்கு. பின்சிறகை மடித்துவைக்கும் இயல்பினால் இவ்வரிசைக்கு, 'மடித்த சிறகு' என்னும் பொருளில், பிளிகாப்டிரா என்று பெயரிட்டனர்.

அதே கல்லில் மேபிளை என்னும் வேறொரு பூச்சியின் இளம்பருவமும் இருக்கும். வாலிழை மூன்றாயின் மேபிளை, இரண்டாயின் கல்லீ என்று பலர் சொல்லிக்கொடுப்பதுண்டு. இதனை முற்றும் நம்பவேண்டா; இரண்டு வாலிழையுள்ள மேபிளைகளும் உள. கைலென்சால் காலின் நுனியை நோக்குங்கள். கல்லீக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு நகங்கள், மேபிளைக்கு ஒன்றே. மேபிளையின் செவுள்கள் வயிற்றின் இருமருங்கும் அமைந்திருக்கும். கால்கள் தொடங்குமிடத்தில் செவுள்கள் குஞ்சம்போல் காணப்படின், அது பெர்லிடே என்னும் கல்லீக் குடும்பம். தென்னிந்திய ஓடைகளிற் கிடைப்பன பெரும்பாலும் இக்குடும்பத்தனவே.

இப்பூச்சிக்கு உயிர்வளி மிகுந்த நீர் வேண்டும். கடல்மட்டத்தில், 10 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்துக்கொள்ளும். 30 பாகையில் ஏறத்தாழ ஏழரைதான். அந்நீரிற் சாக்கடை கலந்தால், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உயிர்வளியைச் செலவிட்டுவிடும். முதலில் மறைவனவற்றுள் கல்லீயும் ஒன்று. ஆகவேதான் ஓடையின் தூய்மைக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் இடும் பிரிட்டிஷ் முறையொன்றில் பெர்லிடேக்கு 10 அளித்துள்ளனர்.

குடும்பம் அறிந்தாயிற்று, இனம் அறிவதே கடினம். நியோபெர்லா என்னும் பேரினத்தில் நெற்றியின் தனிக்கண்கள் இரண்டு. ஆயின் அதன் சிற்றினங்களின் இளம்பூச்சிகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கும். வளர்ந்த ஆணின் இனப்பெருக்க உறுப்பையும், முட்டையோட்டின் வேலைப்பாட்டையும் நுண்பெருக்கியில் ஆராய்ந்தே பெயரிடுவர். 2007-இல் பீட்டர் ஸ்விக், அன்பழகன், தினகரன் ஆகியோர் தமிழ்நாட்டிலிருந்து நியோபெர்லா பைசீரியேட்டா என்னும் புதிய இனத்தை வெளியிட்டனர்.

இளம்பூச்சிக்கும் வளர்ந்ததற்கும் உள்ள உறவை அறிய, குளிர்ந்த நீரிற் காற்றூட்டி வளர்க்கவேண்டும். அது உரித்த தோலையும், வெளிவந்த பூச்சியையும் ஒரே குப்பியில் ஆல்கஹாலில் இடுக. ஓடையின் பெயர், உயரம், நாள் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி உள்ளே போடுக. பென்சிலால் எழுதுக, மை ஆல்கஹாலிற் கரைந்துவிடும்.